பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றம் என்று ஒன்று உண்மையில் உண்டா? மூணு நம்பர், சீட்டாட்டம், கள் பற்றி ஒரு கேள்வி

காரிமங்கலத்தான்:

எங்கள் ஊரில் மூணு நம்பர் லாட்டரி எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், அவர் ஜாமீனில் திரும்பியும் வந்துவிட்டார். அதிலிருந்து ஊரில் இதே பேச்சுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனால் கேரளத்தில் அரசே தினமும் மதியம் 3 மணிக்குக் குலுக்குகிறது, அந்தப் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை முன்கூட்டியே சொல்லி இங்கே பணம் கட்டுவார்கள். முன்பு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், இப்போது வாட்ஸ்அப். கேரளத்து அரசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எண்ணை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

என் நண்பர்கள் பாதிப்பேர் சொல்வது இது: கட்டுகிறவன் தன் பணத்தைக் கட்டுகிறான், யாரும் மிரட்டி வாங்கவில்லை, விழுந்தால் சொன்னபடி கொடுத்தும் விடுகிறார்கள், தோற்றவன் ஒருவன்கூட ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்ததில்லை, அப்புறம் இது யாருக்கு எதிரான குற்றம்? திருட்டு என்றால் பறிகொடுத்தவன் இருக்கிறான், அடிதடி என்றால் அடிவாங்கியவன் இருக்கிறான். இதில் யார் இருக்கிறார்கள்? தோப்பில் உட்கார்ந்து சீட்டாடுவது, பனையில் கள் இறக்குவது, கஞ்சா பிடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும் என்கிறார்கள்.

எனக்கு இதில் ஏதோ இடறுகிறது, ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இவை நிஜமாகவே சமுதாயத்தைக் கெடுக்கின்றனவா, அல்லது பெரியவர்களுக்குப் பிடிக்காததை எல்லாம் சட்டம் குற்றம் என்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மா "ஒழுக்கம் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், தயவு செய்து.


ஓசூர்_ஷிப்ட்:

உங்கள் நண்பர்கள் பக்கம்தான் நான், சகோ.

ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தடுக்க அரசுக்கு இருக்கும் ஒரே நியாயம், அவன் மற்றவருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பதுதான் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே எழுதிவிட்டார். அவனுடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லித் தடுக்கக் கூடாது. அந்த வரியை வைத்துக்கொண்டு நம் ஊரைப் பாருங்கள். கள் தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் பக்கம் எல்லை தாண்டினால் ஆந்திராவில் அதே மரம், அதே கள், குற்றம் கிடையாது. மரமேறி இந்தப் பக்கம் நின்றால் வழக்கு, அந்தப் பக்கம் நின்றால் தொழில். இங்கேயோ அரசே டாஸ்மாக்கில் ஆண்டுக்கு 40,000 கோடிக்கு மேல் வருமானம் பார்க்கிறது. குடியால் கெடுதல் என்பது உண்மையானால் அரசு விற்கும்போது அந்தக் கெடுதல் எங்கே போகிறது?

இன்னொன்று. "சமுதாயத்துக்குக் கேடு" என்று சொல்லியே எத்தனை பேர் வாழ்க்கையைப் பாழாக்கியிருக்கிறோம்! ஓர் ஆணும் ஆணும் விரும்பி உடலுறவு கொள்வது 2018 செப்டம்பர் வரை இந்த நாட்டில் குற்றம். திருமணத்துக்கு வெளியே உறவு வைத்த குற்றமும் அதே மாதம்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவன் மேல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வழக்குப் போட்ட காலமும் இருந்தது. அப்போதும் இதே மாதிரி "சமுதாயம் என்ன ஆகும்" என்றுதான் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். கிளப்பில் பணம் வைத்து ஆடுகிறவர் மாட்டமாட்டார். புளியமரத்தடியில் நாலு கூலிக்காரர் ஆடினால் மறுநாள் பேப்பரில் போட்டோ. எனக்குக் கோபம் வருவதே இதில்தான்.


மண்டி_அக்கா:

ஓசூர் தம்பி, கள்ளைப் பற்றியும் 2018 தீர்ப்பைப் பற்றியும் நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூணு நம்பரையும் அதே கூடையில் போடுகிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் பாலக்கோடு பக்கம், தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், மகளிர் குழுவில் தலைவியாகவும் இருக்கிறேன். அதனால் இதன் அடுத்த பக்கம் எனக்குத் தெரியும், நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அவன் பணம்" என்கிறீர்கள். எந்தப் பணம்? எங்கள் பக்கம் வாரக் கூலி வீட்டுக்கு வருவதற்குள் அதற்கு நாலு பேர் உரிமைக்காரர் இருக்கிறார்கள். மளிகைக் கடைப் பாக்கி, பிள்ளையின் ஸ்கூல் வேன், மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை, குழுத் தவணை. அவன் கட்டுகிற 100 ரூபாயில் அவனுக்குச் சொந்தமானது எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்?

குழுத் தவணை எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், அது தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். மைக்ரோ பைனான்ஸ்காரர்கள் அடமானம் கேட்பதில்லை. நகையும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒருத்திக்கு இன்னொருத்தி ஜாமீன். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது. இப்போது பாருங்கள், புருஷன் நம்பரில் விட்டான், அவன் பெண்டாட்டி தவணை நாளன்று கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், வசூல்காரர் வாசலில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் எங்கள் வீட்டுச் செலவில் பிடித்துப் போட்டுக் கட்டுகிறோம். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் கூட இருந்தவர்களே அவளிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவள் என்ன செய்வாள்? மீட்டர் வட்டிக்குப் போவாள். அந்த வட்டி கட்ட முடியாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, பிள்ளைகளின் படிப்பு அத்தோடு நின்றது.

நம்பர் எழுதியவன் எங்களில் ஒருத்தியைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் எல்லோரிடமும் பணம் வாங்கியிருக்கிறான். இதில் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நிறைய பேர் இருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சமாகப் போவதால் யாரும் ஸ்டேஷன் படி ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறினாலும் என்ன எழுதிக் கொடுப்பது? "பக்கத்து வீட்டுக்காரன் லாட்டரி கட்டியதால் எனக்கு நஷ்டம்" என்றா?


காரிமங்கலத்தான்:

அக்கா, நான் கேட்க நினைத்தும் வார்த்தை வராமல் இருந்தது இதுதான். புகார் இல்லை என்பதை வைத்துக்கொண்டு பாதிப்பே இல்லை என்று பேசுகிறார்கள். ஆனால் ஓசூர் அண்ணன் கேட்டதற்கும் பதில் வேண்டும். பாதிப்பு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெரியவரைப் பிடித்து உள்ளே வைத்ததால் உங்கள் குழுவுக்கு ஏதாவது குறைந்ததா?


கோர்ட்_வாசல்:

கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கிறேன். காரிமங்கலத்தார் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. கெடுதல் உண்டா என்பது ஒன்று, அந்தக் கெடுதலுக்கு யாரைத் தண்டிப்பது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் ஒரு பக்கம் "எல்லாவற்றையும் விட்டுவிடு" என்றும் இன்னொரு பக்கம் "எல்லோரையும் பிடித்துப் போடு" என்றும்தான் முடியும்.

சட்டம் இதை ஓரளவு யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ஆம் ஆண்டினது. உங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து சீட்டு ஆடினால் அந்த வீடு அந்தச் சட்டம் சொல்லும் பொதுச் சூதாட்ட விடுதி ஆகிவிடாது. இடம் கொடுத்தவர் அதில் லாபம் பார்க்க வேண்டும். 1967-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது, எல்லோரும் அதை மட்டும்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் எடுத்தால் அப்போது குற்றம் ஆகலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஆடுகிறவனைவிட, ஆட்டத்தை வைத்துப் பிழைக்கிறவன் மேல்தான் கண் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த யோசனை.

ஆன்லைன் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆன்லைன் சூதாட்டம் பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் விளையாடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று ஒரு பிரிவு உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலோ பணம் வைத்து ஆடும் ஆப்பை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம், விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை, ஆனால் ஆடுகிறவருக்கு ஒன்றும் இல்லை. ஆடித் தோற்றவனைக் குற்றவாளி என்று பார்க்காமல் அகப்பட்டுக்கொண்டவன் என்று பார்க்கிறது. என் கருத்தில் இதுதான் சரி. ஏனென்றால் தனக்கும் தண்டனை என்று தெரிந்தால் லட்சக்கணக்கில் விட்டவன்கூட வாயைத் திறக்க மாட்டான். புகாரே வராத குற்றத்தில், புகார் கொடுக்கக் கூடிய ஒரே ஆளையும் நாமே பயமுறுத்தி அனுப்புகிறோம்.

கஞ்சாவிலும் இப்படி ஒரு வழி உண்டு, ஆனால் கோர்ட்டில் நான் அதை அதிகம் பார்த்ததில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, தண்டனையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிறு அளவில் மாட்டிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால் அவர் மேல் வழக்கு நடத்தாமல் விட 64-ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாவுக்கு இது தெரிவதே இல்லை, யாரும் சொல்வதும் இல்லை.

இப்போது அந்தப் பெரியவர் விஷயம். இந்த மாதிரி வழக்குகளில் புகார்தாரர் யார் தெரியுமா? பிடித்த போலீஸ் அதிகாரியேதான். வேறு ஆள் கிடையாது. அதனால் பிடிப்பதும் விடுவதும் அவர்கள் கையில் இருக்கிறது, அங்கேதான் மாமூல் நுழைகிறது. கடையில் உட்கார்ந்து எழுதுகிறவரைப் பிடிப்பது சுலபம். பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று போன் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வைத்துத் தேடுவது கஷ்டமான வேலை, ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை. பெரியவர் அபராதம் கட்டிவிட்டு வந்து மறுபடி எழுதுவார், அவர் எழுதாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர். மண்டி அக்காவின் குழுவுக்கு இதனால் ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகாது.


தொரப்பள்ளி_வாத்தியார்:

ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த விவாதம் நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதராஸ் மாகாணத்தில் முதன்முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் அதில் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். தருமபுரி தனியானது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். கொண்டுவந்தவர் ராஜாஜி, பிறந்தது எங்கள் தொரப்பள்ளி. குடிக்கிறவன் தானே கெடுகிறான் என்ற வாதம் அன்றும் இருந்தது. அவர் பார்த்தது கூலிக்காரன் வீட்டு அடுப்பை. ஆனால் வரும் வருமானத்தை விட்டதற்கு ஈடு வேண்டுமே, அதற்காக 1939-ல் விற்பனை வரி போட்டார். குடிகாரன் கொடுத்த காசை எல்லோரும் கொடுக்க வேண்டி வந்தது என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. ஒன்றைத் தடை செய்தால் அதன் விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும், அதை அவர் மறைக்கவில்லை, அதனால் எனக்கு அவர் மேல் மதிப்பு.

1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசுடையது. இத்தனை மாற்றத்திலும் கள்ளச்சாராயம் நின்றதா? 2008 மே மாதம் பெங்களூரு, கோலார், நம் கிருஷ்ணகிரி எல்லைக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, உடம்புக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறித்து உயிரையும் எடுக்கிறது. வாங்கியவன் சம்மதித்துத்தான் வாங்கினான், ஆனால் எதை வாங்குகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஒளிந்து நடக்கும் வியாபாரத்தில் "சம்மதம்" என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டேன்.

அதே நேரம் ஓசூர்த் தம்பி கள்ளைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. டாஸ்மாக்கை நடத்திக்கொண்டே பனையேறியைக் குற்றவாளி ஆக்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.


மலைக்கிராம_நர்ஸ்:

வேறு ஓர் உதாரணம் சொல்லலாமா? அஞ்செட்டி, பென்னாகரம் மலைப் பக்கம் வேலை பார்த்தவள் நான். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், பெண்ணைக் கேட்டால் அவளும் சம்மதம் என்கிறாள், ஊரே சாப்பிட்டுவிட்டுப் போகிறது. யாரும் புகார் கொடுக்கவில்லை. உங்கள் கணக்குப்படி இதிலும் பாதிக்கப்பட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பெண் ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய் என் முன்னால் வந்து உட்காரும்போது, பாதிக்கப்பட்டவர் யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினாறு வயதில் சொல்கிற சம்மதத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

இதற்கும் மறுபக்கம் உண்டு, வக்கீல் சார் சொன்ன அதே பிரச்சினை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எங்கள் மேல் வழக்கு. சொன்னால் அவள் புருஷன் உள்ளே போவான், கூலிக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். இது ஊருக்குள் பரவியதும் என்ன ஆகிறது என்றால், பெண்கள் வயசைக் கூட்டிச் சொல்கிறார்கள், செக்கப்புக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள், சிலர் வீட்டிலேயே பிரசவம் பார்க்கத் துணிகிறார்கள். பெண்ணைக் காப்பாற்ற எழுதிய சட்டம் அவளை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் செய்கிறது. அதற்காகச் சட்டத்தை எடுத்துவிடலாமா? கூடாது, கூடவே கூடாது, நான் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட ஊரில் ஒரே ஒருவர் இருந்தால் போதும். கல்யாணம் முடிந்து வயிற்றில் பிள்ளையும் வந்தபிறகு வருகிற போலீஸ் அந்தப் பெண்ணுக்கு எந்த நல்லதும் செய்வதில்லை.


ஓசூர்_ஷிப்ட்:

மண்டி அக்கா, குழுத் தவணை விஷயம் கனமானது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அது போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் நஷ்டம் எனக்கும் வருகிறது என்று தொடங்கினால் எங்கே நிற்பீர்கள்? ஹெல்மெட் போடாமல் தொப்பூர் கணவாயில் விழுந்தவனின் ஆஸ்பத்திரிச் செலவும் பொதுப் பணம்தான். அளவுக்கு மேல் செலவு செய்து மகள் கல்யாணம் நடத்தி மீட்டர் வட்டியில் விழுகிறவனும் உங்கள் குழுவைத்தான் இழுக்கிறான். அதையும் குற்றம் ஆக்கலாமா? எல்லோருக்கும் எல்லாவற்றிலும் பங்கு உண்டு என்றால் ஒருவனுக்கு என்று சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது.

வக்கீல் சார் சொன்ன கோட்டை ஏற்கிறேன். ஆடுகிறவன், குடிக்கிறவன், கஞ்சா பிடிக்கிறவன் மேல் கை வைக்காதீர்கள். அடுத்தவன் பலவீனத்தை வைத்துச் சம்பாதிக்கிறவனைப் பிடியுங்கள், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.


மண்டி_அக்கா:

தம்பி, கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவனைப் பிடித்துப் போடு என்று நான் எங்கே சொன்னேன்? நம்பர் கட்டுகிறவனைக்கூடப் பிடிக்க வேண்டாம், பிடித்தால் அந்த நாள் கூலியும் போய் அபராதமும் சேர்ந்து மறுபடி எங்கள் தலையில்தான் விழும். பெட்டிக்கடைப் பெரியவரையும் விட்டுவிடுங்கள், எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவரிடம் தினம் சாயங்காலம் பைக்கில் வந்து பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அங்கிருந்து பிடித்துக்கொண்டே மேலே போகட்டும்.

எங்கள் ஊரில் திருட்டுத்தனமாக வீட்டில் வைத்து மது விற்ற சந்துக்கடையை நாங்கள் இப்படித்தான் மூட வைத்தோம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், சந்துக்கடையில் விடிகாலையிலேயே கிடைக்கும், வேலைக்குக் கிளம்பியவன் அங்கேயே நின்றுவிடுவான். குடிக்கிறவர்களிடம் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. விற்கிற வீட்டுக்குச் சரக்கு எந்த வண்டியில் எந்த நேரம் வருகிறது என்று எழுதிவைத்து, குழுப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தோம். ஒருத்தி பெயர் மட்டும் இருந்தால் அவள் வீட்டுக்கு ஆள் வரும், இருபது பேர் என்றால் யார் வீட்டுக்கு வருவான்?

காரிமங்கலத்தார், உங்கள் ஊரிலும் குழு இருக்கும், இல்லாமல் இருக்காது. தவணை கட்ட முடியாமல் போன வீடுகள் எவை, நம்பரில் விட்டது எந்தெந்த வீடு என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். புகார் கொடுக்க ஆள் இல்லை என்று அதற்கப்புறம் எந்த ஸ்டேஷனிலும் சொல்ல முடியாது. மனு எப்படி எழுதுவது என்று வேண்டுமானால் கேளுங்கள், எங்களுடைய நகல் என்னிடம் இருக்கிறது.


காரிமங்கலத்தான்:

வேண்டும் அக்கா, அனுப்பி வையுங்கள். வக்கீல் சார், நம்பர் கட்டியவர்கள் பெயர் அதில் வந்தால் அவர்கள் மேல் வழக்கு வருமா? அது தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.


கோர்ட்_வாசல்:

கட்டியவர் பெயரை எழுத வேண்டாம். விற்பது எந்த இடம், எந்த நேரம், பணம் எடுக்க வரும் வண்டி, பணம் அனுப்பிய போன் எண், இவை போதும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.